அம்மாவோடு ஒருநாள் குழுச் சுற்றுலா: லாராவா, லஃபயெட்டா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் ஒரே நாள் கையிலிருக்கிறது, கூட வரும் அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம்; லாராவுக்குப் போவதா, லஃபயெட் நகருக்குப் போவதா என்று கேட்கிறீர்கள். அப்படியானால் வாஷெரி என்ற ஊரில் உள்ள லாரா தோட்டத்துக்கு (அடிமைகளை வைத்துக் கரும்பு பயிரிட்ட பழைய பண்ணை) போங்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். லஃபயெட் போக மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

லாரா, 1805 வாக்கில் கட்டிய கிரியோல் வீடு, அதாவது காலனிக் காலத்திலேயே லூசியானாவில் வேரூன்றிய பிரெஞ்சு கலந்த பண்பாட்டு மக்களின் வீடு. வெள்ளத்துக்குப் பயந்து செங்கல் தூண்கள் மேல் தூக்கிக் கட்டி, மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பூசியிருக்கிறார்கள். படி ஏற வேண்டும், வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அடிமைகள் வாழ்ந்த குடிசைகளையும் தவறாமல் பாருங்கள், வீட்டை விட அவைதான் முக்கியம் என்பேன்.

லஃபயெட் பக்கத்துக் கேஜன் மக்கள் வேறு கதை. 1755இல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். லஃபயெட்டின் வெர்மிலியன்வில் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில், களிமண்ணோடு மரங்களில் தொங்கும் ஸ்பானிஷ் பாசி என்ற செடியைப் பிசைந்து மரச்சட்டங்களுக்கு நடுவே அடைத்த சுவர்களைக் காணலாம். இன்னொரு நாள் கிடைத்தால் அங்கேயே தங்கிப் பாருங்கள்.

சாப்பாடுதான் சிக்கல். கம்போ (கெட்டியான சூப்), ஜம்பலாயா (இறைச்சி சேர்த்துச் சமைக்கும் சாதம்) மட்டுமில்லை, சாதுவாகத் தெரியும் சிவப்பு பீன்ஸ் சாதத்திலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். அம்மாவுக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொள்வது நல்லது.