கேலக்ஸி கொத்துகள் இரண்டு மோதினால் அவற்றின் சூடான வாயு என்ன ஆகும்?

அடி முழுக்க வாயுவுக்குத்தான். கேலக்ஸிகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

'எல்லாம் முட்டி நொறுங்கிவிடாதா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். நொறுங்காது தம்பி. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் கேலக்ஸிகள் இருந்தாலும் நடுவே இடைவெளி ஏராளம். பெரும்பாலும் உரசாமலே தாண்டிப் போய்விடும். ஆனால் அந்த இடைவெளி காலி இல்லை. ஒரு கன மீட்டருக்குச் சில ஆயிரம் துகள் என்கிற அளவில் மெல்லிய வாயு. மொத்தமாகக் கணக்குப் போட்டால் கொத்திலுள்ள எல்லா நட்சத்திரங்களையும்விட அதன் நிறை பல மடங்கு. வெப்பம் கோடிக்கணக்கான டிகிரி, அதனால் எக்ஸ் கதிரில்தான் பளிச்சென்று தெரியும்.

நம் பக்கம் களத்தில் நெல் தூற்றிப் பார்த்தவர்களுக்கு மீதி சுலபம். மணியைக் காற்று ஒன்றும் செய்யாது, பதரைத்தான் பிடித்துத் தள்ளும். கேலக்ஸிகள் மணி. வாயு பதர்: எதிரே வரும் வாயு தடுக்க, பின்தங்கி நடுவில் நின்றுவிடும்.

இதற்குப் பேர்போன உதாரணம் புல்லட் கொத்து, சுமார் 370 கோடி ஒளியாண்டு தூரத்தில். தை, மாசி இரவுகளில் தெற்கே பொதிகை முனிவர் பெயரில் அகத்திய நட்சத்திரம் ஒளிருமே, அது இருக்கும் கரினா மண்டலத்தில்தான் இதுவும் இருக்கிறது. (பைனாகுலரை எடுக்காதீர்கள், தெரியாது.) 1999இல் ஏவிய சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி, நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் பெயர்தான், எடுத்த படத்தில் மோதிய இரண்டில் சின்னக் கொத்தின் வாயு துப்பாக்கிக் குண்டுபோலக் கூர்மையாக முன்னே நீண்டிருக்கும். அதற்கும் முன்னால் வளைந்த ஒரு விளிம்பு. அதுதான் அதிர்வலை, அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தைப்போல ஏறக்குறைய 3 மடங்கு.

கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளுக்குச் சாட்சி என்று 2006இல் இந்தக் கொத்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எனக்கென்னவோ வாயுவின் கதைதான் பெரிது. அதிர்வலை தாண்டிய வாயு 10 கோடி டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. அதை ஒட்டியே, குண்டுக்குள் இருக்கும் வாயு அதைவிட ஆறி, அடர்த்தியாக இருக்கிறது. நடுவில் கத்தரித்து விட்டாற்போல ஓர் எல்லை. இரண்டும் கலந்திருக்க வேண்டாமா? காந்தப்புலம் எல்லையை ஒட்டிப் படிந்து, துகள்களைக் குறுக்கே விடாமல் தடுக்கிறது என்கிறார்கள். இதற்குக் 'குளிர் முகப்பு' என்று பெயர். குளிர் என்றாலும் பல கோடி டிகிரி!

மோதலின் வேகம் கடைசியில் வெப்பமாகவும் சுழலாகவும் மாறும். எல்லாம் அடங்க நூறு கோடி ஆண்டுக் கணக்கில் ஆகும்.

அப்புறம், அதிர்வலை எலக்ட்ரான்களையும் ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் முடுக்கிவிடும். அவை காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலை வெளியிடும். புனேக்கு வடக்கே இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் 30 ஆண்டெனாக்கள் இதுபோன்ற கொத்துகளைப் பார்த்திருக்கின்றன. அப்படி ஒரு கொத்தில் தெரியும் ரேடியோ பட்டைக்கு 'டூத்பிரஷ்' என்று பெயர், நீளம் சுமார் 60 லட்சம் ஒளியாண்டு. படத்தைத் தேடிப் பாருங்கள், பெயர் வைத்தவரைக் குறை சொல்ல மாட்டீர்கள்.