இளநிலை அறிவியல் பட்டம் இருந்தால் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்த அது போதுமா?

என் கருத்தில் போதாது. பாட அறிவு கட்டாயம் வேண்டும். ஆனால் மாணவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று தெரிந்திருப்பது தனி அறிவு. அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத்தான் வலியுறுத்தினார்.

ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுதும் பட்டதாரியிடம், மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மண்ணிலிருந்து என்பவர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் தொட்டியில் வளர்த்த வில்லோ மரம் 5 ஆண்டுகளில் சுமார் 164 பவுண்டு கூடியது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். (கூடிய எடை எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவரே தவறாக முடிவு செய்தார்.) உலர் எடையில் பெரும்பகுதி காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது.

சரி, கல்லூரியில் என்ன மாற வேண்டும்? விடை தெரிந்த சோதனைகளையே திரும்பச் செய்யாமல், மாணவர்களே கேள்வி எழுப்பி, கணித்து, அளந்து பார்க்கும் ஆய்வக வகுப்புகள் வேண்டும். தான் அப்படிக் கற்காதவர் பிறருக்கு அப்படிக் கற்பிப்பது மிகவும் கடினம்.