எண்ணெய்க் குழாயில் டி.ஆர்.ஏ.: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எண்ணெய்க் குழாய்களில் உராய்வைக் குறைக்கக் கலக்கும் பாலிமரைத் துறையில் இருப்பவர்கள் டி.ஆர்.ஏ. (டிராக் ரெட்யூசிங் ஏஜென்ட், அதாவது இழுவை குறைப்பான்) என்றே சொல்வார்கள். வந்த கேள்விகளில் பாதி, அதை ஒரு மசகுப் பொருளாக நினைத்து எழுதப்பட்டவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: குழாயின் உட்சுவரில் படிந்து வழுவழுப்பாக்குவதுதானே இதன் வேலை? ஒருமுறை பூசிவிட்டால் போதாதா?

பதில்: இது சுவரில் பூச்சாகத் தங்கி வேலை செய்வதில்லை. எண்ணெயில் கரைந்து எண்ணெயோடே போய்விடும். கலப்பதை நிறுத்தினால், கலந்த எண்ணெய் கடந்து போனதும் பலனும் நின்றுவிடும்.

எண்ணெய் வேகமாக ஓடும்போது உள்ளே சுழிகள் நிறைந்த கொந்தளிப்பு ஓட்டம் இருக்கும். சுவரை ஒட்டி மெதுவாக நகரும் திரவம் திடீர் திடீரென்று பிய்த்துக்கொண்டு நடுப்பகுதிக்குப் பாயும். பம்ப் தரும் ஆற்றலில் பெரும்பங்கு இந்தச் சுழிகளுக்கே செலவாகி, கடைசியில் வெப்பமாகிறது. டி.ஆர்.ஏ. மிக நீண்ட சங்கிலி மூலக்கூறு. ஹெக்சீன், ஆக்டீன், டெசீன் போன்ற சிறிய ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளைக் கோத்துச் செய்வது. மூலக்கூறு எடை பத்து லட்சங்களைத் தாண்டும். சும்மா இருக்கையில் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சுவரருகே திரவம் பிய்த்துக் கிளம்பும் இடத்தில் இழுபட்டு விரியும், விரியும்போதே அந்த இழுப்பை எதிர்க்கும். சுழி வளருமுன் அடங்கிவிடுகிறது. துல்லியமாக எந்த வழியில் அடங்குகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. குழாய்க்காரர்கள் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

கேள்வி: இதை முதலில் கவனித்தது யார்?

பதில்: பிரிட்டிஷ் வேதியியலாளர் டாம்ஸ். மோனோகுளோரோபென்சீனில் சிறிதளவு பாலிமரைக் கரைத்துக் குழாயில் விட்டார். அதே அழுத்தத்தில் வெறும் கரைப்பானைவிடக் கரைசல் கூடுதலாக ஓடியது. 1948-இல் நெதர்லாந்தில் நடந்த மாநாட்டில் இதைச் சொன்னார். பெரிய அளவில் பயன்பட முப்பது ஆண்டுகள் ஆயின. அலாஸ்காவில் வடக்கே புருடோ பேயிலிருந்து தெற்கே வால்டிஸ் துறைமுகம் வரை சுமார் 1,290 கி.மீ. நீளும் 48 அங்குலக் குழாய் 1977-இல் ஓடத் தொடங்கியது. 1979-இல் அதில் டி.ஆர்.ஏ. செலுத்தினார்கள். 1988-இல் நாளொன்றுக்குச் சுமார் 20 லட்சம் பேரல் ஓடிய குழாய் அது.

கேள்வி: உராய்வு 50 சதவீதம் குறைந்தால் இரண்டு மடங்கு எண்ணெய் அனுப்பலாமா?

பதில்: முடியாது. கொந்தளிப்பு ஓட்டத்தில் அழுத்த இழப்பு, ஓட்ட அளவின் ஏறத்தாழ 1.8-ஆம் அடுக்காக (power) ஏறும். அதனால் 50 சதவீதக் குறைப்புக்குக் கிடைப்பது சுமார் 47 சதவீதக் கூடுதல் ஓட்டம். 30 சதவீதக் குறைப்புக்குச் சுமார் 22. ஓட்டத்தைக் கூட்டாமல் பழைய அளவிலேயே வைத்தால், உராய்வுக்குச் செலவான பம்ப் ஆற்றலில் பாதி மிச்சம். இத்தனைக்கும் கலப்பது பத்து லட்சத்தில் சில பங்கு முதல் சில பத்துப் பங்கு வரைதான். அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் பலன் ஏறாது.

கேள்வி: ஒவ்வொரு பம்பிங் ஸ்டேஷனிலும் மறுபடி கலக்கிறார்களே, இது வியாபாரத் தந்திரமா?

பதில்: இல்லை. வேகமாகச் சுழலும் பம்பின் இறக்கைகள் சங்கிலியைத் துண்டு துண்டாக்கிவிடும். அறுந்தது மறுபடி ஒட்டாது, துண்டுகளுக்குச் சுழியை அடக்கும் பலமும் இல்லை. ஆகவே பம்பைத் தாண்டிய பிறகு, வெளியேறும் பக்கத்தில்தான் செலுத்துவார்கள். பம்புக்கு முன்னால் செலுத்துவது காசைக் கரியாக்கும் வேலை.

கேள்வி: ராஜஸ்தானின் பார்மேர் எண்ணெய்க்குக் குழாய் முழுவதையும் சூடாக்குகிறார்கள். டி.ஆர்.ஏ. போட்டால் அந்தச் செலவு மிச்சமாகாதா?

பதில்: நோய் வேறு, மருந்து வேறு. அங்கே எண்ணெயில் மெழுகு அதிகம்; ஆறினால் உறைந்துவிடும். அதனால்தான் குஜராத் கடற்கரை வரை சூடாகவே கொண்டு போகிறார்கள். மெழுகுக்கென்று உறைநிலை குறைக்கும் தனி ரசாயனங்கள் உண்டு. ஓட்டமே கூழ் போல மெதுவாக, சுழியில்லாமல் நகர்கிறது என்றால் டி.ஆர்.ஏ.வுக்கு அடக்க எதுவும் இருக்காது. கனமான கச்சா எண்ணெயில் பலன் குறைவதற்கும் இது ஒரு காரணம்.

கேள்வி: விமான எரிபொருளில் மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள்?

பதில்: குழாயில் எது நன்மையோ அதுவே எஞ்சினில் தொல்லை. எரிபொருள் முனையிலிருந்து நுண்துளிகளாகச் சிதறினால்தான் ஒழுங்காகப் பற்றும். நீண்ட சங்கிலி அந்தச் சிதறலை எதிர்க்கும். உயரத்தில் அணைந்த எஞ்சினை மறுபடி பற்றவைப்பது கடினமாகலாம். ஒரே குழாயில் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் என்று மாறி மாறி அனுப்பும்போது, விமான எரிபொருள் வரும் நேரத்தில் டி.ஆர்.ஏ. செலுத்துவதை நிறுத்தியாக வேண்டும்.

இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்திப் பார்த்த கதையும் உண்டு. விபத்தில் எரிபொருள் நுண்துளிகளாகச் சிதறாவிட்டால் தீ பரவாது என்று கணக்குப் போட்டு, பாலிமர் கலந்த எரிபொருளுடன் ஆளில்லாத போயிங் 720 ஒன்றை 1984 டிசம்பர் 1 அன்று கலிஃபோர்னியப் பாலைவனத்தில் தரையில் மோதவிட்டார்கள். எஞ்சினுக்குள் போகுமுன் சங்கிலியை அறுக்கத் தனிக் கருவிகூடப் பொருத்தியிருந்தார்கள். ஆனாலும் பெரும் தீப்பிழம்பு எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது.

கேள்வி: அப்படியானால் என் பைக்கின் பெட்ரோலில்?

பதில்: இருந்தாலும் மிகச் சொற்பம், அதுவும் பம்புகளில் அறுபட்டு வந்ததாக இருக்கும். கவலை வேண்டாம்.

கேள்வி: 300 அடி போர்வெல்லுக்கு இதில் ஏதாவது கலந்தால் கரண்ட் பில் குறையுமா?

பதில்: தண்ணீரிலும் இந்த விளைவு உண்டு. பாலிஎத்திலீன் ஆக்சைடு கலந்து தீயணைப்புக் குழாயில் கூடுதல் நீர் பாய்ச்சியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மோட்டார் பெரும்பாலும் தண்ணீரை மேலே தூக்கவே பாடுபடுகிறது. உயரத்தை எந்தப் பாலிமராலும் குறைக்க முடியாது. குடிக்கிற தண்ணீரில் இந்தச் சோதனை வேண்டவும் வேண்டாம். தோட்டத்துக்கு நீளமாகக் கிடைமட்டக் குழாய் போட்டிருந்தால் மட்டும் உராய்வைப் பாருங்கள். இரண்டு அங்குல உள்விட்டத்தை இரண்டரை ஆக்கினால், அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும்.