சின்னக் கப்பலில் எந்த கேபின், கரையில் யாருடைய வண்டி?

கேள்வி: ஜூலை கடைசியில் கிரேக்கத் தீவுகளுக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். 150 பேர் மட்டுமே போகும் சிறிய கப்பல். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 71 வயது அம்மா என்று நான்கு பேர். ஏதென்ஸ் பக்கம் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்குகிறோம். வழியில் நாஃப்பிளியோ, சான்டோரினி, ரோட்ஸ், துருக்கியின் குஷாதாசி, பட்மோஸ், மைகோனோஸ். இரண்டாம் தளத்தில் வட்டக் கண்ணாடி வைத்த கேபின், மூன்றாம் தளத்தில் பெரிய ஜன்னல் கேபின், ஐந்தாம் தளத்தில் பால்கனி கேபின் என்று மூன்று வகை இருக்கிறது. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் தலைக்கு 900 யூரோ வித்தியாசம். ஏஜெண்ட் பால்கனியைத்தான் எடுக்கச் சொல்கிறார். அம்மாவுக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். எதை எடுப்பது? (கோவை வாசகர்)

பதில்: மூன்றாம் தளம், அதிலும் கப்பலின் நடுப்பகுதி. பால்கனி வேண்டாம்.

ஏஜெண்டை நான் குறை சொல்லவில்லை. கட்டணம் ஏறினால் அவர் கமிஷனும் ஏறும், அவர் பிழைப்பு அது. ஆனால் உங்கள் அம்மாவின் தலைச்சுற்றல் அவர் கணக்கில் வராது.

நம் ஊர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்கும் நடு சீட்டில் உட்கார்ந்தவருக்கும் ஒரே பள்ளம் வேறு வேறு மாதிரி தெரியும். கப்பலும் அப்படித்தான். அலை வரும்போது நடுப்பகுதி கொஞ்சம்தான் அசையும். மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பக்கமும், பின்பக்கமும் ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டமோ மேலே போகப் போகக் கூடும். தென்னை மரத்தின் உச்சியும் அடியும் காற்றில் எப்படி ஆடுகின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். 3,000 பேர் போகும் கப்பலில் இந்த வித்தியாசம் பலருக்கு உறைக்காது. 150 பேர் கப்பலில் நன்றாகவே தெரியும்.

போதாததற்கு நீங்கள் போகும் மாதமும் அப்படி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் கடல் கொந்தளிக்கும். அந்தக் காற்றில் பால்கனிக் கதவைத் திறந்து உட்கார்ந்து காபி குடிப்பது விளம்பரப் படத்தில்தான் நடக்கும். அதோடு இந்தப் பயணத்தில் தினம் ஒரு ஊர். பகலில் கரை, இரவில் கடல். இருட்டில் ஓடும் கப்பலுக்கு எதற்குப் பால்கனி? நாள் முழுக்கக் கடலிலேயே போகும் பயணமாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அப்படியானால் இரண்டாம் தளம் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஆட்டம் குறைவுதான், விலையும் குறைவு. ஆனால் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டக் கண்ணாடிகளைக் கடல் மோசமானால் உள்ளேயிருந்து இரும்பு மூடி போட்டு அடைத்துவிடுவார்கள். பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய மாதிரி இருக்கும். தலை சுற்றுகிறவர்களுக்குத் தொடுவானம் கண்ணில் படுவதே பாதி மருந்து. அதனால்தான் ஜன்னல்.

தளத்தை முடிவு செய்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். எல்லா நிறுவனமும் தளவாரியான வரைபடம் தரும். உங்கள் கேபினுக்கு மேலே, கீழே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம். கீழே பாட்டுக் கச்சேரி நடக்கும் கூடம் என்றால் நள்ளிரவு வரை டமடம. பின்பக்கம் என்றால் எஞ்சினின் அதிர்வு. முன்பக்கம் என்றால் நங்கூரம். இந்தக் கடைசி விஷயம் எனக்குச் சொந்த அனுபவம். கொஞ்சம் விலை குறைகிறதே என்று, எண் குறிப்பிடாமல் விற்கும் கேபினை ஒருமுறை எடுத்தேன். வகை மட்டும் உறுதி, எந்த அறை என்பது அவர்கள் இஷ்டம். கொடுத்தது முன்முனை. நங்கூரம் இறங்கும் ஒவ்வொரு காலையும், யாரோ தலைமாட்டில் இரும்புச் சங்கிலியை லாரியிலிருந்து கொட்டுவது போல விழித்தேன். அம்மாவை வைத்துக்கொண்டு இந்தச் சலுகை விலைப் பக்கமே போக வேண்டாம்.

நான்கு பேருக்கு இரண்டு கேபின் எடுங்கள். மூன்றாவது ஆளுக்குச் சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கை தருகிறோம் என்பார்கள். அதற்கு ஏணி ஏற வேண்டும், கீழே படுப்பவர் நள்ளிரவில் எழுந்தால் தலை இடிக்கும். அம்மாவும் மகளும் ஒன்று, நீங்கள் இருவரும் ஒன்று. இடையில் கதவு உள்ள ஜோடிக் கேபின் கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கதவு வழியாகப் பேச்சுச் சத்தம் கேட்கும் என்று பலர் தவிர்ப்பார்கள். உங்களுக்கு அதுவே வசதி.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் இன்னும் மூன்று கேள்விகள். கப்பலில் லிஃப்ட் உண்டா? (பாய்மரம் உள்ள சில சிறு கப்பல்களில் கிடையாது.) சாப்பாட்டுக் கூடம் எந்தத் தளம்? குளியலறை வாசலில் படி எவ்வளவு உயரம்? இந்தக் கடைசிப் படியில் காலை இடித்துக்கொள்ளாத பெரியவர்கள் குறைவு.

கேள்வி: அதே பயணத்தில் கரைச் சுற்றுலாவை எப்படி ஏற்பாடு செய்வது? குஷாதாசியில் எபேசஸ் என்ற பழைய நகர இடிபாடுகளைப் பார்க்க, கப்பல் நிறுவனம் தலைக்கு 95 யூரோ கேட்கிறது. வெளியில் ஒரு நிறுவனம் வண்டியும் வழிகாட்டியும் சேர்த்து எங்கள் நான்கு பேருக்கு 260 யூரோ என்கிறது. எல்லா ஊரிலும் தனி வண்டியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எல்லா ஊரிலும் வேண்டாம். ஊருக்கு ஊர் கணக்கு மாறும்.

முதலில் பார்க்க வேண்டியது, கப்பல் மேடையில் கட்டப்படுகிறதா, கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு டெண்டர் என்ற சிறு படகில் கொண்டுபோய் விடுகிறார்களா என்பது. காற்று அதிகமானால் டெண்டர் ஊர்களைத்தான் கேப்டன் முதலில் ரத்து செய்வார். கப்பல் நிறுவனத்திடம் எடுத்த சுற்றுலா என்றால் அந்தப் பணம் தானாகத் திரும்பும். வெளியில் கட்டியது, நீங்கள் எழுதி வாங்கிய நிபந்தனைப்படிதான். எனவே “கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்” என்ற வரி இல்லாத ரசீதுக்கு ஒரு யூரோ கூடக் கட்டாதீர்கள்.

எபேசஸுக்குத் தனி வண்டியே சரி. குஷாதாசியில் கப்பலை மேடையில் கட்டுவார்கள், அங்கிருந்து எபேசஸ் சுமார் 20 கிலோமீட்டர்தான். உங்கள் கணக்கில் 380 யூரோவுக்குப் பதில் 260. சேமிப்பை விடப் பெரிய லாபம் அம்மாவின் வேகத்தில் நடக்கலாம் என்பது. எபேசஸுக்கு மேல் வாசல், கீழ் வாசல் என்று இரண்டு உண்டு. மேல் வாசலில் இறக்கிவிட்டு, கீழ் வாசலில் வண்டி காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். செல்சஸ் நூலகத்தையும் பெரிய அரங்கத்தையும் இறக்கத்திலேயே பார்த்து வரலாம். பளிங்குத் தரை கால் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும், செருப்பு உதவாது. மாடி வீடுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. சுவரோவியமும் தரைச் சித்திரமும் அப்படியே இருக்கும். அதற்கு நுழைவுச் சீட்டு தனி, 260க்குள் அடக்கமா என்று கேளுங்கள்.

விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, வழியில் கம்பளக் கடையிலும் தோல் கடையிலும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆப்பிள் டீ கொடுத்து உபசரிப்பார்கள், எழுந்து வரக் கூச்சமாக இருக்கும். “கடையில் நிறுத்தம் கூடாது” என்பதை மின்னஞ்சலில் எழுதி, “சரி” என்று பதிலும் வாங்குங்கள்.

சான்டோரினி இதற்கு நேர் எதிர். அங்கே சுற்றுலாக் கப்பல்கள் எரிமலைப் பள்ளத்துக் கடலில் மிதந்தபடி நிற்கும், டெண்டர்தான். தனியாகப் போகிறவர்களை ஃபிரா ஊருக்கு நேர் கீழே உள்ள பழைய துறையில் இறக்குவார்கள். மேலே ஏற கேபிள் கார், கோவேறு கழுதை, அல்லது 580க்கும் மேற்பட்ட படிகள். கழுதை வேண்டாம். அம்மாவுக்காக மட்டுமல்ல, கழுதைக்காகவும்தான். மிச்சம் கேபிள் கார். பெரிய கப்பல்கள் இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும் நாளில் அதன் வரிசை வெயிலில் மணிக்கணக்காகும். ஆனால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பயணிகளைப் பெரும்பாலும் முதலிலேயே அதினியோஸ் என்ற இன்னொரு துறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏற்றிவிடுவார்கள். ஆகவே உங்கள் கப்பலும் அப்படிச் செய்கிறதா என்று கேட்டு, ஆம் என்றால் இந்த ஒரு ஊரில் மட்டும் கப்பல்காரர் சொல்லும் விலையைக் கொடுத்துவிடுங்கள். இறங்கும்போதும் வரிசை உண்டு. அன்று எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதை இணையத்தில் துறைமுக அட்டவணையில் முன்கூட்டியே பார்க்கலாம். உங்கள் கப்பல் இரவு வரை நிற்கிறது என்றால், பெரிய கப்பல்கள் ஆட்களை ஏற்றிய பிறகு இறங்கி வருவது நிம்மதி.

ரோட்ஸில் வண்டியே தேவையில்லை. மதில் சூழ்ந்த பழைய நகரம் கப்பல் மேடையிலிருந்து நடக்கும் தூரம். லிண்டோஸ் மலைக்கோட்டைதான் வேண்டும் என்றால் 50 கிலோமீட்டர் போக வேண்டும், அங்கும் ஏற்றம். அம்மாவோடு என்றால் நான் விட்டுவிடுவேன். நாஃப்பிளியோவில் தனி வண்டி வையுங்கள். மைசீனி என்ற பழங்கால நகரின் சிங்க வாசலும் எபிடாரஸின் பழைய அரங்கமும் வேறு வேறு திசைகளில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரத் தூரம். ஒரே பகலில் இரண்டும் முடியும். பட்மோஸில் கரையிலேயே டாக்ஸி கிடைக்கும். மைகோனோஸ் ஊருக்குள் நடப்பதுதான் சுகம்.

கிரேக்கத்தில் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். தொல்லியல் இடங்களுக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டிதான் விளக்கம் சொல்லலாம். வண்டி ஓட்டுநர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வாசலோடு நின்றுவிடுவார். “ஓட்டுநரே எல்லாம் சொல்வார்” என்ற விளம்பரத்துக்கு, வாசல் வரை சொல்வார் என்று அர்த்தம். மைசீனியில் கதை கேட்க ஆசையிருந்தால் வழிகாட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

நேரத்தைப் பற்றி. தனி வண்டியில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வது உங்கள் செலவு. கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் வேறு. பின்னதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரை மேடைக்குத் திரும்பும்படி வண்டிக்காரரிடம் பேசுங்கள். கோடையில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் ஒரே நேரம், உங்களுக்குக் குழப்பமில்லை. குளிர்காலத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: துருக்கி கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும்.

இன்னொரு செலவு. 2025 ஜூலை முதல் கிரேக்க அரசு கப்பல் பயணிகளிடம் இறங்கும் கட்டணம் வாங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சான்டோரினியிலும் மைகோனோஸிலும் தலைக்கு 20 யூரோ, மற்றத் துறைமுகங்களில் குறைவு. உங்கள் கப்பல் கட்டணத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: இதே மாதிரிப் பயணத்துக்கு ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போதுமா? (மதுரை வாசகி)

பதில்: போதாது. கிரேக்கத்தில் கப்பல் ஏறி, துருக்கியில் இறங்கினால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியதாகிறது. மறுநாள் கிரேக்கத் தீவுக்குத் திரும்புவது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பியுங்கள், கப்பலின் பயண அட்டவணையையும் இணைத்துவிடுங்கள். ஷெங்கன் விசா கையில் இருக்கும் இந்தியர்கள் துருக்கிக்கு மின் விசா எடுக்கலாம். உங்கள் பயணத்துக்கு அது வேண்டுமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சரியான விசா இல்லாதவரைக் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள், பணமும் திரும்பாது. கடைசித் தவணை கட்டும் தேதியைப் பார்த்து அதற்கு முன்பே விசா வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். இதே மாதிரிக் கப்பலில் தனியாகப் போக ஆசை. விலைப் பட்டியலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சொல்கிறார்களே, ஏமாற்றா? (சென்னை வாசகி)

பதில்: ஏமாற்று இல்லை, எரிச்சல்தான். பட்டியலில் போடும் விலை, இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கானது. தனியாளாக அறையை எடுத்தால் காலியான படுக்கைக்கும் கட்டச் சொல்வார்கள். ஏப்ரல், அக்டோபர் போன்ற ஓரப் பருவத்தில் சில நிறுவனங்கள் இந்தக் கூடுதலைக் குறைக்கும், சில சமயம் எடுத்தும் விடும். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மாதங்களில் மெல்டெமியும் பெரும்பாலும் இருக்காது.

இந்தியாவில் உள்ள ஏஜெண்டிடம் வெளிநாட்டுச் சுற்றுலாவாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது போன பணம் அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ரசீதில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் கார்டு தேய்க்கும்போது “ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா” என்று இயந்திரம் கேட்கும். யூரோ என்றே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் லாபமும் ஏறிவிடும்.

தனி வண்டி ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் 150 பேர் கப்பலில் இரண்டாவது நாள் இரவுச் சாப்பாட்டுக்குள் பாதி முகங்கள் பழகிவிடும். குஷாதாசி வருவதற்கு முன்பே பக்கத்து மேஜையில் ஒரு தம்பதியிடம் பேசி வையுங்கள்.