தருமன் சொன்ன பொய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று உரக்கச் சொன்ன தருமர், ‘யானை’ என்றும் சேர்த்தே சொன்னார், கிருஷ்ணரின் சங்கொலியில் அது கேட்காமல் போயிற்று என்கிறார்கள். அப்படியானால் அது பொய் ஆகுமா?

பதில்: பொய்தான். சங்கு ஊதிய கதை மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது. வியாச பாரதத்தின் துரோண பர்வத்தில் அது இல்லை. அங்கே நடப்பது இன்னும் கடுமையானது.

போரின் 15-ஆம் நாள். துருபதனும் விராடனும் துரோணர் கையில் மடிந்தாயிற்று. பிரம்மாஸ்திரமே அறியாத சாதாரண வீரர்கள்மீதும் அவர் அதை ஏவுகிறார். அவர் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டுமானால் மகன் அசுவத்தாமன் இறந்ததாக நம்ப வேண்டும். இது கிருஷ்ணன் தந்த யோசனை. அர்ஜுனன் ஏற்கவில்லை. தருமன் மிகுந்த தயக்கத்தோடு இசைந்தான். பீமன் மாளவ மன்னன் இந்திரவர்மனின் அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு, கூசிக்கொண்டே துரோணரிடம் போய் ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று கத்தினான். அவர் நம்பவில்லை. மூவுலகும் கிடைக்கும் என்றாலும் பொய் பேசாதவன் என்று தருமனிடம் கேட்டார். ‘இன்னும் அரை நாள் இவர் போரிட்டால் உன் படை மிஞ்சாது’ என்றான் கிருஷ்ணன். பொய்க்கு அஞ்சிய தருமனை வெற்றி ஆசையும் இழுத்தது. ‘யானை’ என்ற சொல்லை அவனே தெளிவில்லாமல் முணுமுணுத்தான். அதுவரை தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவன் தேர் மண்ணைத் தொட்டது.

சங்கொலியைப் புகுத்தினால் பழி பாதி கிருஷ்ணனுக்குப் போய்விடும். வியாசர் தருமனை அப்படித் தப்பவிடவில்லை. வாலியைக் கொன்ற பழி இராமனுக்கு நின்றதுபோல் உமக்கும் நிற்கும் என்று அர்ஜுனனே அண்ணனிடம் சொல்கிறான். தந்தை துரோணர் இப்படி ஏமாற்றப்பட்டு இறந்த விதம் அசுவத்தாமன் நெஞ்சில் ஆறாமல் கிடந்து, 18-ஆம் நாள் இரவில் பாசறையில் தூங்கியவர்களைக் கொன்று குவிக்க வைத்தது. திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் அதில் போனார்கள். கடைசியில் தருமனுக்கு நரகத்தைக் காட்டிய இந்திரன் சொன்ன காரணமும் இதுதான்: துரோணரை நீ வஞ்சனையால் ஏய்த்தாய், அதனால் உனக்கும் வஞ்சனையாலேயே நரகம் காட்டப்பட்டது.

கேள்வி: பீமன் துரியோதனன் தொடையில் அடித்தது நியாயமா?

பதில்: கதாயுதப் போரில் தொப்புளுக்குக் கீழே அடிக்கக் கூடாது. சபையில் திரௌபதிக்குத் தொடையைக் காட்டியவனின் தொடையைப் பிளப்பேன் என்பது பீமனின் சபதம். இரண்டும் உண்மை, சபதம் விதியை ரத்து செய்யாது. இருவருக்கும் கதாயுதம் கற்பித்த பலராமர் கலப்பையை ஓங்கிக்கொண்டு வந்தார். கிருஷ்ணன் தடுத்துச் சமாதானம் சொல்லியும் மனம் ஒப்பாமல் துவாரகைக்குப் புறப்பட்டார்.

கேள்வி: வாலியை மறைந்து நின்று கொன்றதற்கு இராமர் சொன்ன பதில் போதுமானதா?

பதில்: தண்டனைக்குக் காரணம் போதும். தம்பி உயிரோடிருக்க அவன் மனைவி ருமையை வாலி கவர்ந்துகொண்டான். மறைந்து நின்றதற்குத்தான் பதில் வலுவாக இல்லை. வால்மீகியில் இராமன், ‘மிருகத்தை மறைந்திருந்து வேட்டையாடுவது மன்னர் வழக்கம்’ என்கிறான். மிருகம் என்றால் பிறன்மனை கவர்ந்த குற்றம் அவனுக்கு எப்படிப் பொருந்தும்? இரண்டு வாதமும் ஒன்றாக நிற்காது.

கம்பன் இந்த இடத்தை நன்றாகக் கண்டுகொண்டான். அவன் காவியத்தில் ‘நாங்கள் குரங்குகள், மனித அறம் எங்களுக்கு இல்லை’ என்று வாதிடுபவன் வாலி. அறம் தெரிந்தவனுக்கு உடம்பு சாக்காகாது என்று மறுப்பவன் இராமன். மறைந்து எய்தது ஏன் என்று வாலி கேட்கும்போது பதில் சொல்வது இலக்குவன்: முதலில் உன் தம்பி சரண் புகுந்தான், எதிரே வந்தால் நீயும் சரண் புகுந்துவிடுவாய் என்பதால். அந்தக் கேள்விக்கான பதிலை இராமன் வாயில் வைக்கக் கம்பனுக்கு மனம் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்கிறது குறள். எப்போது பொய் சொல்லலாம்?

பதில்: குறளின் நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்: ‘புரைதீர்ந்த நன்மை’, குற்றமற்ற நன்மை. கர்ண பர்வத்தில் கிருஷ்ணன் சொல்லும் கௌசிகன் கதை இதற்குப் பொருந்தும். உண்மையே பேசுவதென்று விரதம் பூண்ட அந்தத் தவசி, கொள்ளையருக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஒளிந்தவர்களின் இடத்தை, அந்தக் கொள்ளையர் கேட்டதும் சொல்லிவிட்டான். அவர்கள் கொல்லப்பட்டார்கள், அவன் நரகம் புகுந்தான்.

கிருஷ்ணன் இதற்கு ஒரு வரிசை வைக்கிறான். பேசாமல் இருந்தே தப்ப முடியுமானால் வாயைத் திறக்காதே. பேசியே ஆக வேண்டும் என்றாலோ, மௌனமே சந்தேகத்தைக் கிளப்பும் என்றாலோ, அப்போது மட்டும் பொய் மேல். கௌசிகன் பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு காசு லாபமில்லை, பிழைத்திருப்பவர்கள் காட்டில் ஒளிந்திருந்தவர்கள். குருட்சேத்திரத்தில் பொய் சொன்னவனுக்கு அரியணை கிடைத்தது. வீட்டிலோ அலுவலகத்திலோ ‘நல்லதுக்குத்தான் சொன்னேன்’ என்று ஒருவர் வரும்போது முதலில் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.