பெட்டி வாங்கும் முன் துருத்தியைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: வாத்தியார் வேலையிலிருந்து ரிட்டயர் ஆயிட்டனுங்க. மார்கழி பஜனையில நானும் எங்க வீட்டம்மாவும் பாடறோம். ஆர்மோனியப் பெட்டி வாங்கலாம்னு கோயமுத்தூர் போனா, கடையில ஸ்கேல் சேஞ்சர்தான் வாங்கோணும்கறாங்க. விலை ஏகத்துக்கு இருக்குது. சாதாப் பெட்டி போதாதுங்களா? ரண்டு பேருக்கும் முழங்கால் வலி, சம்மணம் போட்டு உட்காரவும் முடியறதில்லீங்க.
(கோபிசெட்டிபாளையம்)

பதில்: சாதாப் பெட்டியே போதும் அய்யா. ஸ்கேல் சேஞ்சரில் கட்டை வரிசையே இடம் வலமாக நகரும். யார் எந்தச் சுருதியில் பாடினாலும், வாசிப்பவர் பழகிய கட்டைகளிலேயே விரலை வைத்துக்கொள்ளலாம். பலருக்கு மாறி மாறி வாசிப்பவருக்கு அது வசதி. உங்கள் வீட்டில் பாடப்போவது இரண்டு பேர். நீங்கள் பாடும் சுருதி 1 கட்டை, அம்மாவுக்கு 5 கட்டை என்று வைத்துக்கொள்வோம். சங்கராபரண ராகத்தை 1 கட்டையில் வாசித்தால் எல்லாமே வெள்ளைக் கட்டை. 5 கட்டையில் வாசித்தால் நிஷாதம் (நி) ஒன்று மட்டும் கறுப்பு. இரண்டு இடத்திலும் விரல் பழக ஒரு மாதம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நகரும் பாகம் கூடக் கூட எடையும் கூடும், நாளானால் தட்டல் சத்தமும் வரும். கோயிலுக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிப் போகிறவர்களுக்கு எடை சின்ன விஷயமல்ல.

மூன்றரை ஸ்தாயி, 42 கட்டை, இரட்டை ரீடு (ஒன்று தாழ்ந்த ஒலி தரும் 'பேஸ்', ஒன்று நடு ஒலி தரும் 'மேல்' (male)) என்று கேளுங்கள். ரீடு என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு. ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயியின் அதே சுரமும் தானாக அழுந்தும் 'கப்ளர்' உங்களுக்கு வேண்டாம். கைக்கு அழுத்தம் கூடும், பழுதும் கூடும்.

கடையில் பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ரீடு ஸ்டாப்பர்களை (முன்பக்கத்துக் குமிழ்கள்) இழுத்துத் திறந்து, தானாக ஒலிக்கும் சுருதி ஸ்டாப்பர் இருந்தால் அதை மட்டும் மூடிவைத்து, கட்டை எதையும் தொடாமல் துருத்தியை அடியுங்கள். சத்தமே வரக்கூடாது. மெலிதாக ஒரு சுரம் முனகினால் ஏதோ ஒரு கட்டையின் அடியிலுள்ள தோல் மூடி சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். அப்படியே இன்னும் இரண்டு அடி அடித்தால் துருத்தி கைக்கு எதிர்த்து நிற்க வேண்டும். தொளதொளவென்று போனால் எங்கோ காற்று ஒழுகுகிறது. அடுத்து, ஒரே ஒரு ரீடு ஸ்டாப்பரை மட்டும் திறந்து துருத்தியை நிரப்பிவிட்டு, நடுக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிரப்பலுக்கு எத்தனை வினாடி ஒலிக்கிறது என்று எண்ணுங்கள். அதே விலையில் உள்ள இன்னொரு பெட்டியிலும் எண்ணுங்கள். அதிக நேரம் நிற்பதை எடுங்கள்.

பிறகு இரண்டு ரீடையும் திறந்து ஒவ்வொரு கட்டையாக நிறுத்தி வாசியுங்கள். ஒலி நேராக நிற்காமல் 'வவ் வவ்' என்று அலையடித்தால் இரண்டு ரீடும் சுருதி சேரவில்லை. செல்போனில் டியூனர் செயலி போட்டுப் பார்த்தாலும் தெரியும். பித்தளை ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். இதை வீட்டில் முயல வேண்டாம். ஒரு தடவை கூடுதலாகச் சுரண்டிவிட்டால் அந்த ரீடு பலவீனமாகிவிடும். வாங்கும்போதே கடைக்காரரைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதத்தில் ஒரு முறை இலவசச் சுருதி திருத்தம் உண்டா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

முழங்காலுக்கு: நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கலாம், ஆனால் சாப்பாட்டு மேசை கூடாது. அது சுமார் 75 செ.மீ. உயரம். அதன் மேல் பெட்டியை வைத்தால் கை தோளுக்குப் போய்விடும், முழங்கால் வலியோடு கழுத்து வலியும் சேரும். கட்டைகள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். 45 செ.மீ. உயரமுள்ள டீப்பாய் பெரும்பாலும் சரியாக அமையும். ஆடாத கால்களாகப் பாருங்கள், இல்லாவிட்டால் துருத்தி அடிக்கும்போது நகர்ந்துகொண்டே போகும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் வரும்போது மரம் ஈரம் வாங்கி ஊதும், கட்டை அழுந்தியபடி எழாமல் நிற்கும். வெயிலில் காய வைக்காதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். காற்றோட்டமான அறையில் இரண்டு நாள் மூடியைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். எலி துருத்தியைக் கடிக்கும் என்பதால் மர உறையோடு வாங்குவது நல்லது.

கேள்வி: எனக்கு 68 வயசு. காது மெஷின் போட்ட பிறகு பேரப் பசங்க பேசறது நல்லாக் கேட்குது. ஆனா கச்சேரிக்குப் போனா புல்லாங்குழல் நடுங்கற மாதிரியும், கோயில்ல நாதஸ்வரம் கரகரன்னும் கேட்குது. இன்னும் விலை கூடின மெஷின் வாங்கினா சரியாயிருங்களா?
(ஈரோடு)

பதில்: அவசரப்பட்டுப் பணம் போடாதீர்கள் அம்மா. இவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

மெஷினிலிருந்து சில சமயம் 'கூய்' என்று விசில் வருமல்லவா, அதை அடக்க உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. குழலில் நீளமாக நிறுத்தும் சுரத்தை அது விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். அதனால்தான் நடுக்கம். மெஷின் பொருத்தித் தந்த ஆடியாலஜிஸ்டிடம் போய், இசைக்குத் தனி புரோகிராம் போடச் சொல்லுங்கள். அதில் விசில் அடக்கும் வசதியும் இரைச்சல் குறைக்கும் வசதியும் அணைந்தோ மிகக் குறைந்தோ இருக்க வேண்டும். மெஷினில் உள்ள பட்டனாலோ செல்போனாலோ நீங்களே மாற்றிக்கொள்ளும்படி கேளுங்கள். பெரும்பாலும் இதற்குப் புது மெஷின் தேவைப்படாது.

நாதஸ்வரக் கரகரப்பு அப்படியல்ல. மெஷின் பேச்சின் சத்தத்துக்காகச் செய்யப்பட்டது. நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டும். சத்தம் மைக்கிலேயே நசுங்கிவிடுவதால், வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு அப்படியே இருக்கும். மேளக்காரர்களுக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்காருங்கள். மைக் ஓட்டையின் மேல் பேப்பர் டேப் துண்டு ஒட்டினால் உள்ளே போகும் சத்தம் குறையும். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும், மறந்தால் பேரன் பேச்சும் கேட்காது.

பிறகும் புது மெஷின் வாங்குவதாக இருந்தால், இரண்டு வாரம் போட்டுப் பார்த்துத் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். பார்க்கும் நாளில் உங்களுக்குப் பிடித்த பாட்டைக் கொண்டுபோய் அங்கேயே கேளுங்கள். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் மெஷின் விலை மேல் வரி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். பொத்தான் பேட்டரி போடும் மெஷின் என்றால், அதன் ஸ்டிக்கரை உரித்த நிமிடத்திலிருந்தே போட்டாலும் போடாவிட்டாலும் தீர ஆரம்பிக்கும். உரித்து ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டு மாட்டுங்கள். நான்கைந்தை ஒன்றாக உரித்து வைக்காதீர்கள். 312 எண் பேட்டரிக்கு ஸ்டிக்கர் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு. நிறத்தைச் சொன்னாலே கடையில் எடுத்துத் தருவார்கள்.

கேள்வி: நானும் பேத்தியும் சேர்ந்து கத்துக்கலாம்னு ஆன்லைன்ல 61 கீ இருக்கற கீபோர்டு வாங்கினேனுங்க. மூணு வாரத்துல மூணு கீ பேசறதில்லை. மாத்தித் தர்ற 10 நாள் முடிஞ்சுதுன்னு விற்ற தளம் கைவிரிச்சிருச்சு. கம்பெனி ஃபோனே எடுக்கறதில்லை.
(திருப்பூர்)

பதில்: 10 நாள் என்பது பொருளை மாற்றித் தரும் கெடு மட்டுமே. வாரண்டி வேறு, அது பில் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கீபோர்டைத் திறக்காதீர்கள். கீயின் அடியில் உள்ள ரப்பர் தொடுபட்டையில் தூசி சேர்ந்தாலும் இப்படி ஆகும். ஆனால் நீங்கள் திருப்புளி எடுத்தால் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பார்கள். எந்தெந்தக் கீ என்று குறித்துவைத்து, அடிப்பக்கத்து சீரியல் எண்ணிலிருந்து ஆரம்பித்து ஒரே வீடியோவாக எடுங்கள்.

2020-ம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி, விற்பனைத் தளம் தன் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஃபோனில் பேசாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள், பேசியதற்கு அத்தாட்சி இருக்காது. நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.

இன்னொன்று: நம் பாட்டு கற்கத்தான் வாங்கினீர்கள் என்றால், மாற்றித் தரும்போது இடது ஓரத்தில், சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் 'பிட்ச் பெண்டு' சக்கரம் உள்ள மாடலாகக் கேளுங்கள். அது இல்லாமல் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வராது, தோடி ராகம் மொட்டை மொட்டையாகத்தான் நிற்கும்.

கேள்வி: மார்கழியில சென்னைக் கச்சேரிக்கு நான், வீட்டுக்காரர், மகள், 6 வயசுப் பேரன் போறோம். நீலகிரி எக்ஸ்பிரஸ்ல எங்க ரண்டு பேருக்கும் கீழ் பெர்த் எப்படி வாங்கறதுங்க? எனக்கு 61, அவருக்கு 66.
(மேட்டுப்பாளையம்)

பதில்: நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். மூத்தோருக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு (ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது முதல்) தகுதியுள்ள ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள டிக்கெட்டுக்குத்தான் பொருந்தும். உங்கள் இருவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட், மகளுக்கும் பேரனுக்கும் பொதுவில் ஒரு டிக்கெட். வேறு பெட்டியில் விழலாம், அதற்குத் தயாராக இருங்கள். பேரனுக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், மகளோடு படுத்துக்கொள்வான் என்றால் பாதி. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.