டேங்க்கில் துரு

கேள்வி: ரொம்ப நாள் ஷெட்டில் நின்ற அப்பா காலத்து டீசல் டிராக்டர். ஸ்டார்ட் ஆகிறது, கலப்பையை இறக்கினால் அணைந்துவிடுகிறது. ஃபில்டர் கிண்ணத்தில் செந்தூள். ஃபில்டரை மாற்றினால் போதுமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: போதாது. டீசலைவிடத் தண்ணீர் கனம். டேங்க் அடியில் தங்கித் துருவை வளர்த்திருக்கும். புது ஃபில்டரும் சீக்கிரமே அடைத்துவிடும். டேங்க்கைக் கழற்றி, டீசலை வடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். சிவப்பாகக் கலங்கி வரும்; தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள். மிச்சத் துருவுக்கு வினிகரில் இரவு முழுக்க ஊறட்டும். அப்புறம் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே டீசலால் அலசுங்கள். ஈரம் நின்றால் மறுபடி துரு பூக்கும். குழாய்களை ஊதி, புது ஃபில்டர் போட்டு, டீசல் குழாயில் சிக்கிய காற்றை எடுத்துவிடுங்கள். டீசல் பம்பை மட்டும் தயவுசெய்து நீங்களே பிரிக்காதீர்கள். அது பம்பு மெக்கானிக் வேலை.